வழக்கறிஞர் சங்கத்தின் வாசல் யாருக்குத் திறந்திருக்கிறது?

தமிழ்நாட்டின் எந்தவொரு வட்டத் தலைநகரிலும் நீதிமன்ற வளாகத்துக்குள் நுழைந்தால், முத்திரைத்தாள் விற்பவரின் மேசையையும் தட்டச்சர்களின் நிழற்கூரையையும் தாண்டியதும் 'வழக்கறிஞர்கள் சங்கம்' என்ற பெயர்ப்பலகை தாங்கிய கட்டடம் ஒன்று கண்ணில் படும். சேரியிலிருந்து புகார் மனுவோடு வருகிற ஒருவர் நீதிபதியின் முன் நிற்பதற்கு முன்பாக இந்தக் கட்டடத்தைக் கடக்க வேண்டியிருக்கிறது. அவருக்கு வழக்கறிஞர் கிடைப்பாரா, கிடைத்த வழக்கறிஞர் இறுதிவரை உறுதியாக நிற்பாரா, வழக்கு நடக்குமா அல்லது வாய்தாவில் தேய்ந்துபோகுமா என்பனவற்றில் பெரும்பகுதி அங்கே நிலவும் சூழலால் தீர்மானிக்கப்படுகிறது.

காவல் நிலையத்தைப் பற்றியும் மாவட்ட ஆட்சியரைப் பற்றியும் நீதிபதிகளைப் பற்றியும் நாம் நிறையப் பேசியிருக்கிறோம். வழக்கறிஞர் சங்கத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை. அது வழக்கறிஞர்களின் சொந்த விவகாரம், நாற்காலி போட்டுத் தேநீர் அருந்தும் மன்றம் என்று விட்டுவிட்டோம். ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஒரு வட்டத்தில் உயிரோடு இருக்கிறதா, வெறும் தாளாகக் கிடக்கிறதா என்பதற்கு அந்த ஊர்ச் சங்கத்தின் போக்கும் ஒரு முக்கியக் காரணம். எனவே அதன் சட்ட நிலை என்ன, பாதிக்கப்பட்டோரின் வழக்கை அது எந்தெந்த இடங்களில் தொடுகிறது, அதனிடம் நாம் எதை உரிமையோடு கேட்கலாம் என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

சங்கம் வேறு, பார் கவுன்சில் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பார் கவுன்சில் என்பது 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தால் உருவாக்கப்பட்ட அமைப்பு. அகில இந்திய அளவில் ஒன்றும், தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சேர்த்து ஒன்றும் உள்ளன. சட்டம் படித்தவரை வழக்கறிஞராகப் பதிவு செய்வதும், தொழில் ஒழுக்கத்தை மீறியவர் மீது அச்சட்டத்தின் 35ஆவது பிரிவின்கீழ் நடவடிக்கை எடுப்பதும் மாநில பார் கவுன்சிலின் வேலை.

ஊர்தோறும் இருக்கும் வழக்கறிஞர் சங்கம் அப்படிப்பட்டதன்று. பெரும்பாலும் அது சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட்ட ஓர் அமைப்பு. அதற்கென விதிமுறைகள், பொதுக்குழு, தலைவர், செயலாளர், பொருளாளர், ஆண்டுச் சந்தா, தேர்தல் எல்லாம் உண்டு. ஒருவருடைய வழக்காடும் உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. சட்டப்படி பார்த்தால், அது உறுப்பினர்களின் நலனுக்கான ஒரு தனியார் அமைப்பே.

நடைமுறையில் அதன் கை நீளமானது. சங்க அறை பெரும்பாலும் பொதுப்பணத்தில் கட்டப்பட்ட நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. மாவட்ட நீதிபதி வழக்கறிஞர்களோடு கலந்து பேச வேண்டுமானால் சங்க நிர்வாகிகளைத்தான் அழைக்கிறார். நீதிமன்றத்தைப் புறக்கணிப்பது என்று சங்கம் முடிவெடுத்தால் அன்று சாட்சி விசாரணை நடப்பதில்லை. வழக்கமாகத் தொழில் செய்யும் இடத்தின் சங்கத்தில் வழக்கறிஞர் உறுப்பினராக வேண்டும் என்று இந்திய பார் கவுன்சிலின் 2015ஆம் ஆண்டு விதிகளும் எதிர்பார்க்கின்றன. பொது இடத்தில், பொது நீதி அமைப்பின் இயக்கத்தையே நிறுத்தவும் நடத்தவும் வல்ல ஓர் அமைப்பு, பொறுப்பு என்று வரும்போது மட்டும் 'நாங்கள் தனியார் சங்கம்' என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது. நம் வாதத்தின் அடிப்படை இதுதான்.

ஒரு வழக்கு சங்கத்தைத் தொடும் இடங்கள்

ஒரு வன்கொடுமை வழக்கின் பாதையைப் பின்தொடர்ந்தால் இது தெளிவாகும்.

தாக்குதல் நடக்கிறது. புகாரைப் பதிவு செய்யக் காவல் நிலையம் தயங்குகிறது. பதிவு செய்தாலும் அன்றே எதிர்த்தரப்பிடமிருந்து ஒரு புகார் பெற்று, அடிபட்டவர்கள் மீதும் வழக்குப் போடுகிறது. தலித் இளைஞர்கள் மருத்துவமனையிலிருந்து நேராகச் சிறைக்குப் போகிறார்கள். இங்கே அவர்களுக்கு உடனடித் தேவை, ஊரிலேயே இருக்கும் ஒரு வழக்கறிஞர். சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வருபவர் மறுநாள்தான் வந்து சேருவார். ரிமாண்ட் முடிவு அதற்குள் நடந்துவிடும். உள்ளூர் வழக்கறிஞர் யோசிக்கிறார். எதிர்த்தரப்பில் இருப்பவர் அவருடைய நிலவழக்குக் கட்சிக்காரரின் உறவினர். அவருக்குத் தொழில் கற்றுத்தந்த மூத்த வழக்கறிஞரே எதிர்த்தரப்புக்கு வக்காலத்துப் போட்டிருக்கிறார். 'இதில் போய் மாட்டிக்கொள்ளாதே' என்று சங்க அறையில் யாரோ அன்பாகச் சொல்கிறார்கள். எழுதப்பட்ட தீர்மானம் எதுவும் இல்லாமலேயே ஒரு மறுப்பு நிறைவேறிவிடுகிறது.

அடுத்து பிணை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் நிறைவேறி 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், 15ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. பிணை உள்ளிட்ட எந்த நடவடிக்கை குறித்தும் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே அறிவிப்புத் தர வேண்டும், அவருடைய தரப்பையும் நீதிமன்றம் கேட்க வேண்டும் என்கிறது அப்பிரிவு. இவை கட்டாயமானவை என்று 2021 அக்டோபரில் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால் அறிவிப்பு வந்த பிறகு நீதிமன்றத்தில் எழுந்து நின்று ஆட்சேபிக்க ஒரு குரல் வேண்டும். அந்தக் குரல் இல்லாத இடத்தில் பாதிக்கப்பட்டவரின் மௌனம் சம்மதமாகப் பதிவாகிவிடும்.

மூன்றாவது, அரசுத் தரப்பு. 1995ஆம் ஆண்டு விதிகளின் 4ஆவது விதிப்படி, குறைந்தது 7 ஆண்டுகள் தொழிலில் உள்ள வழக்கறிஞர்களைக் கொண்ட ஒரு பட்டியல் மாவட்டந்தோறும் தயாரிக்கப்பட வேண்டும். சிறப்பு நீதிமன்றத்தில் அரசுக்காக வாதாடுபவர்கள் அதிலிருந்து வருவார்கள். அவர்களுடைய செயல்பாட்டை ஆண்டுக்கு இருமுறை மாவட்ட ஆட்சியர் ஆய்வு செய்ய வேண்டும். பாதிக்கப்பட்டவர் விரும்பினால் தகுதிவாய்ந்த மூத்த வழக்கறிஞர் ஒருவரை மாவட்ட ஆட்சியர் அமர்த்தித் தரவும் அதே விதி இடமளிக்கிறது. இந்தப் பட்டியலில் இடம்பெறும் பெயர்கள் எங்கிருந்து வருகின்றன? உள்ளூர்ச் சங்கத்தின் உறுப்பினர்களிடமிருந்துதான். சங்கத்தில் வன்கொடுமை வழக்குகளை அக்கறையோடு நடத்தக்கூடியவர்கள் வளராவிட்டால், பட்டியலில் கட்சிச் சிபாரிசு மட்டுமே மிஞ்சும்.

நான்காவது, விசாரணை. குற்றப்பத்திரிகை தாக்கலான நாளிலிருந்து இயன்றவரை 2 மாதங்களுக்குள் வழக்கை முடிக்க வேண்டும், விசாரணை நாள்தோறும் தொடர்ந்து நடக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 14ஆவது பிரிவு. நடப்பது ஆண்டுக்கணக்கான வாய்தா. அந்த இடைவெளியில்தான் சமரசப் பேச்சு நுழைகிறது. ஊர்ப் பெரியவர்கள் ஒருபுறம் பேசுவார்கள். நீதிமன்ற வளாகத்திலேயே ஒரு வழக்கறிஞர் மறுபுறம் பேசுவார். 'உனக்கு வரவேண்டிய நிவாரணத் தொகை வந்துவிட்டது, எதிர்த்தரப்பும் ஏதோ தருகிறது, ஊரில் வாழ வேண்டாமா' என்பார். சாட்சி கூண்டில் ஏறி 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று சொல்லிவிட்டு இறங்குவார். பிறகு அந்த வழக்கு 'பொய் வழக்கு' என்ற கணக்கில் சேர்ந்துவிடும். சாட்சி பிறழ்ந்ததால் விடுதலையான வழக்கைப் பொய் வழக்கென்று அதே சங்க அறையில் பேசுவார்கள். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தை நீர்த்துப்போகச் செய்தபோது எழுந்த வாதங்களும் இந்தக் கதையாடலின் மீதே நின்றன. அதே ஆண்டு நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது. 2020இல் உச்ச நீதிமன்றமே அதைச் செல்லுமென ஏற்றது. சட்டம் மீண்டுவிட்டது, சங்க அறைப் பேச்சு இன்னும் மாறவில்லை.

வழக்கு ஊரைவிட்டுப் போகும்போது

உள்ளூர்ச் சூழல் எவ்வளவு முக்கியமென்பதற்குத் தமிழ்நாட்டின் இரண்டு வழக்குகளே போதும்.

1997 ஜூன் 30 அன்று மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் இருந்த தலித் தோழர்களும் படுகொலை செய்யப்பட்டனர். அவ்வழக்கின் விசாரணை மதுரையில் நடக்கவில்லை, சேலத்தில் நடந்தது. 2001இல் சேலம் அமர்வு நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2015 ஜூனில் கொல்லப்பட்ட கோகுல்ராஜின் வழக்கு நாமக்கல்லில் தொடங்கி, பின்னர் மதுரையிலுள்ள சிறப்பு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. தன் தரப்புக்கு நம்பிக்கையான அரசுச் சிறப்பு வழக்கறிஞர் வேண்டுமென்று அவருடைய தாய் உயர் நீதிமன்றம் வரை போராடினார். வழக்கறிஞர் ப.பா.மோகன் வழக்கை ஏற்று நடத்தினார். முக்கியச் சாட்சி பிறழ்ந்த பின்னும் 2022 மார்ச்சில் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அதைப் பெருமளவில் உறுதி செய்தது.

இவை வெற்றிகள்தாம். ஆனால் இந்த வெற்றிகளுக்காக ஒரு குடும்பம் மாவட்டம் கடந்து மாவட்டம் போக வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். சாட்சிகள் அச்சமின்றிப் பேசக்கூடிய சூழல் வேண்டும் என்பதே இத்தகைய இடமாற்றங்களின் அடிப்படை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பேருந்து ஏறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்வரக்கூடிய இயக்க பலமும் மக்கள் கவனமும் எல்லா வழக்குகளுக்கும் கிடைப்பதில்லை. கிணற்றில் நீர் எடுத்ததற்காக அடிபட்டவர், சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தப்பட்ட தூய்மைப் பணியாளர், தன் நிலத்திலேயே கால் வைக்கவிடாமல் தடுக்கப்பட்ட விவசாயத் தொழிலாளி ஆகியோரின் வழக்குகள் உள்ளூர் நீதிமன்றத்திலேதான் வாழ வேண்டும் அல்லது சாக வேண்டும். அவர்களுக்காகவே உள்ளூர்ச் சங்கம் எப்படி இருக்கிறது என்ற கேள்வி எழுகிறது.

ஆஜராக மறுக்கும் தீர்மானம்

'அப்படியானால் வன்கொடுமை செய்தவர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று சங்கம் தீர்மானம் போடட்டுமே' என்று தோழர்கள் சிலர் எங்களிடம் கேட்பதுண்டு. கோபம் நியாயமானது. வழி தவறானது.

இதற்கான சட்டம் தமிழ்நாட்டு வழக்கொன்றிலேயே பிறந்தது. கோவையில் காவல்துறையினருக்கும் வழக்கறிஞர்களுக்கும் இடையே மோதல் ஏற்பட்டபோது, குற்றஞ்சாட்டப்பட்ட காவலர்களுக்கு எந்த உறுப்பினரும் ஆஜராகக் கூடாது என்று அங்குள்ள சங்கம் தீர்மானித்தது. ஏ.எஸ்.முகமது ரஃபி வழக்கு என்று அறியப்படும் அந்த விவகாரத்தில் 2010 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இத்தகைய தீர்மானங்கள் அரசமைப்புக்கும் தொழில் அறத்துக்கும் எதிரானவை, செல்லாதவை, மனசாட்சியுள்ள வழக்கறிஞர்கள் அவற்றைப் புறக்கணிக்க வேண்டும் என்றது. அரசமைப்பின் 22ஆவது உறுப்பு, கைதான எவருக்கும் தான் தேர்ந்தெடுத்த வழக்கறிஞர் மூலம் வாதாடும் உரிமையைத் தருகிறது. தகுந்த கட்டணத்துக்குத் தன்னிடம் வரும் வழக்கை, தனிக் காரணம் இருந்தாலன்றி மறுக்கக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதி.

இந்தக் கோட்பாட்டை யாரைக் காட்டிலும் நாம்தான் காக்க வேண்டும். எதிர்வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்கள் நம் இளைஞர்கள். குண்டர் சட்டத்தில் அடைக்கப்படுபவர்களும் போராட்ட வழக்குகளில் சிக்குபவர்களும் நம்மவர்களே. ஆஜராக மறுக்கும் ஆயுதத்தைச் சங்கத்தின் கையில் கொடுத்தால், எண்ணிக்கை யாரிடம் அதிகமோ அவர்கள் அதை யார் மீது திருப்புவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே நம் கோரிக்கை எதிர்த்தரப்பின் வழக்கறிஞரை விலக்குவதன்று. நம் தரப்பில் நிற்கும் வழக்கறிஞரைத் தனிமைப்படுத்தாதே என்பதும், எழுதாத மறுப்பையும் எழுதிய மறுப்பைப் போலவே சட்டவிரோதம் என ஏற்றுக்கொள் என்பதுமே நம் கோரிக்கை.

சங்கங்கள் தம் கூட்டு வலிமையைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு எதிராகத் திருப்பினால் என்ன நேரும் என்பதை 2018இல் நாடே பார்த்தது. ஜம்மு பகுதியின் கத்துவாவில், மேய்ச்சல் தொழில் செய்யும் பக்கர்வால் சமூகத்துச் சிறுமி பாலியல் வன்கொடுமைக்குப் பின் கொல்லப்பட்ட வழக்கில், காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வதையே வழக்கறிஞர்கள் தடுக்க முயன்றனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து தலையிட்டது. விசாரணை பஞ்சாப் மாநிலத்தின் பதான்கோட்டுக்கு மாற்றப்பட்டது. 2019 ஜூனில் 6 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது. நீதிமன்றத்தின் வாசலில் நிற்பவர்களே அதை அடைத்து நின்ற நாளாக அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

புறக்கணிப்பின் விலையை யார் கொடுக்கிறார்கள்?

தமிழ்நாட்டு வழக்கறிஞர் சங்கங்களுக்கு ஒரு பெருமைக்குரிய மரபும் உண்டு. ஈழத் தமிழர் படுகொலையைக் கண்டித்து 2009இல் அவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அவ்வாண்டு பிப்ரவரி 19 அன்று சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே காவல்துறையின் தடியடிக்கு ஆளானார்கள். உயர் நீதிமன்றத்தில் தமிழ் வழக்காடு மொழியாக வேண்டுமெனப் பட்டினிப் போராட்டம் நடத்தினார்கள். 2024 ஜூலையில் மூன்று புதிய குற்றவியல் சட்டங்களை எதிர்த்து நீதிமன்றங்களைப் புறக்கணித்தார்கள். இந்தப் போராட்டங்களில் நாங்களும் நின்றிருக்கிறோம். மக்கள் பிரச்சினைக்காகக் குரல் கொடுப்பது வழக்கறிஞர் சங்கத்தின் வேலையன்று என்று சொல்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை.

அதனாலேயே ஒரு கேள்வியைக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. தொலைவில் நடக்கும் அநீதிக்குத் தீர்மானம் போடும் சங்கம், தன் ஊரிலிருந்து 5 கிலோமீட்டரில் இருக்கும் சேரி எரிக்கப்பட்டபோது பொதுக்குழுவைக் கூட்டியதா? குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டபோது, சுடுகாட்டுப் பாதை மறிக்கப்பட்டபோது, காதல் திருமணம் செய்த இளைஞன் தண்டவாளத்தில் கிடந்தபோது ஓர் உண்மை அறியும் குழுவையாவது அனுப்பியதா? அனுப்பிய சங்கங்களும் உண்டு. ஆனால் அவை விதிவிலக்குகளாகவே இருக்கின்றன. 'இது இரு சமூகத்தாருக்கு இடையேயான பிரச்சினை, சங்கம் நடுநிலை வகிக்கும்' என்பதே வழக்கமான பதில். அடித்தவருக்கும் அடிபட்டவருக்கும் நடுவே நிற்கும் நடுநிலை, அடித்தவருக்கு நேரத்தைப் பெற்றுத் தருகிறது.

புறக்கணிப்புப் போராட்டத்துக்கும் ஒரு விலை உண்டு. 2002 டிசம்பரில் ஹரிஷ் உப்பல் வழக்கில், வழக்கறிஞர்களுக்கு வேலைநிறுத்த உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. கருப்புப் பட்டை அணியலாம், வளாகத்துக்கு வெளியே ஆர்ப்பாட்டம் நடத்தலாம், அறிக்கை விடலாம் என்றது. மிக அரிதான சூழலில் ஒரு நாள் மட்டும் விலகி நிற்பதை நீதிமன்றம் கண்டுகொள்ளாமல் விடலாம் என்றது. உத்தராகண்டின் டேராடூன் உள்ளிட்ட மாவட்டங்களில் 35 ஆண்டுகளுக்கும் மேலாகச் சனிக்கிழமைதோறும் நடந்த புறக்கணிப்பு சட்டவிரோதமானது என்று 2020 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. வழக்கறிஞர்களின் குறைகளைத் தீர்க்க மாநில, மாவட்ட அளவில் குழுக்கள் அமைக்கும்படி 2023 ஏப்ரலில் உயர் நீதிமன்றங்களுக்கு உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது.

போராடும் உரிமையை இப்படி முற்றாக மறுப்பதை நாங்கள் ஏற்கவில்லை. ஆயினும் இதைப் பாதிக்கப்பட்டவரின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். சாட்சி சொல்ல வந்த பெண் அன்றைய கூலியை இழந்திருக்கிறார். முந்தைய இரவு முழுவதும் 'போகாதே' என்று வந்த மிரட்டலைத் தாங்கியிருக்கிறார். கூண்டில் ஏறத் துணிந்து வந்தவரிடம் 'இன்று கோர்ட் இல்லை, அடுத்த மாதம் வா' என்று சொல்லி அனுப்பும்போது, அவரை மிரட்டியவர்களுக்கு இன்னொரு மாதம் கிடைக்கிறது. புறக்கணிப்பு நாட்களிலும் வன்கொடுமை வழக்குகளின் சாட்சி விசாரணை, பிணை ஆட்சேபம், கைது செய்யப்பட்டோரின் ரிமாண்ட் ஆகியவற்றுக்கு விலக்கு அளிப்போம் என்று ஒரு சங்கம் தன் பொதுக்குழுவில் முடிவெடுக்க எந்தச் சட்டமும் தடையில்லை.

சங்கத்துக்குள் யார் இருக்கிறார்கள்?

சங்கத்தின் போக்கை அதன் உறுப்பினர்களே தீர்மானிக்கிறார்கள். தலித் வீடுகளிலிருந்து சட்டம் படித்து வெளிவரும் முதல் தலைமுறையினர் இன்று பெருகியிருக்கிறார்கள். ஆனால் பட்டத்துக்கும் தொழிலுக்கும் நடுவே ஒரு நீண்ட பாலைவனம் இருக்கிறது. அலுவலகமோ நூலகமோ தொழிலில் உறவினரோ இல்லாதவர், மூத்தவர் ஒருவரிடம் இளநிலையாகச் சேர்ந்தே ஆக வேண்டும். மாதக்கணக்கில் ஊதியமின்றிப் பையைச் சுமக்க எல்லாராலும் முடியாது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவை ஆகிய நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகக் கிடைக்கச் செய்யுமாறு பார் கவுன்சிலைப் பணித்தது. இதை வட்ட அளவில் நடைமுறைப்படுத்தும் பொறுப்பைச் சங்கங்கள் எடுத்துக்கொண்டால், நம் பிள்ளைகளில் பலர் தொழிலைவிட்டு வெளியேற மாட்டார்கள்.

2024 ஜூலை 30 அன்று கௌரவ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், வழக்கறிஞராகப் பதிவு செய்யச் சட்டத்தில் சொல்லப்பட்ட கட்டணத்துக்கு மேல் மாநில பார் கவுன்சில்கள் வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய் என்பதே சட்டம். அதற்கு முன் ஆயிரக்கணக்கில் வாங்கப்பட்டு வந்தது. மிகையான கட்டணம் விளிம்புநிலை மக்களைத் தொழிலுக்கு வெளியே நிறுத்துகிறது என்பதை அத்தீர்ப்பு வெளிப்படையாக ஏற்றது. அத்தீர்ப்பு பார் கவுன்சிலைக் கட்டுப்படுத்துகிறது. சங்கங்களின் நுழைவுக் கட்டணத்தை அது நேரடியாகத் தொடவில்லை. ஆனால் அதன் நியாயம் அங்கும் பொருந்தும்.

இந்தத் தனிமை புதிதன்று. அண்ணல் அம்பேத்கர் 1923இல் பம்பாயில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கியபோது, தீண்டப்படாதவர் என்பதால் அவரிடம் வழக்குகளை அனுப்ப ஆளில்லை. வகுப்பெடுத்தும் தொழில் செய்தும் வாழ்ந்தார். மகத் சவுதார் குளத்தில் நீர் அருந்தும் உரிமைக்காக 1927இல் தொடுக்கப்பட்ட வழக்கை உள்ளூர் நீதிமன்றத்திலிருந்து தொடங்கி நடத்தி, 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வென்றார். ஒரு குளத்துக்கு 10 ஆண்டுகள். தமிழ்நாட்டில் திருப்பத்தூர் என்ற சிறு நகரத்தில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கிய ஏ.வரதராஜன், 1980இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதியானார். சிறு ஊரின் சங்கம் ஒருவரை எவ்வளவு உயரத்துக்கு அனுப்ப முடியும் என்பதற்கும், அதற்கு நாடு எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது என்பதற்கும் அவர் ஒருசேரச் சான்று.

நிர்வாகப் பொறுப்புகளில் பிரதிநிதித்துவம் என்ற கேள்வியும் இப்போது எழுந்துவிட்டது. உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சங்கத்தின் செயற்குழுவில் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்க வேண்டுமென 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பெண்களுக்கு நியாயமானது பட்டியல் சமூகத்தினருக்கும் நியாயமே. இதற்கு நீதிமன்ற ஆணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சங்கத்தின் பொதுக்குழு தன் விதிமுறைகளைத் தானே திருத்திக்கொள்ளலாம்.

2023 ஜூலையில், நீதிமன்றங்களில் காந்தி, திருவள்ளுவர் ஆகியோரின் சிலைகளும் படங்களும் மட்டுமே இடம்பெறலாம் என்ற உயர் நீதிமன்றச் சுற்றறிக்கை வெளியானபோது, அம்பேத்கர் படத்துக்காக வழக்கறிஞர்கள் பலர் போராடினார்கள். அண்ணலின் படம் அகற்றப்படாது என்ற உறுதி அதன் பிறகு கிடைத்தது. அது நம் தன்மானத்துக்கான போராட்டம். ஆனால் சங்க அறைச் சுவரில் அண்ணல் இருக்கையில், அதன் கீழே உட்கார்ந்து ஒரு தலித் பெண்ணின் புகாரைத் திரும்பப் பெறப் பேரம் பேசினால், சுவரிலிருக்கும் படத்துக்கு என்ன பொருள்?

நாம் கேட்க வேண்டியவை

சங்கங்களிடம் நாம் வைக்கக்கூடிய கோரிக்கைகள் எளியவை. புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

ஒன்று, வன்கொடுமை வழக்குகளுக்கென ஒவ்வொரு சங்கமும் தன்னார்வ வழக்கறிஞர் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, நீதிமன்ற வாசலிலும் சட்டப் பணிகள் குழுவிலும் ஒட்ட வேண்டும். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பு இன்றி இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள் என்று 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆவது பிரிவு சொல்கிறது. இதை அறியாமல் நகையை அடகுவைக்கும் குடும்பங்களை நாங்கள் வாரந்தோறும் பார்க்கிறோம்.

இரண்டு, அரசுச் சிறப்பு வழக்கறிஞர் பட்டியலில் யார் இருக்கிறார்கள், ஆண்டுக்கு இருமுறை ஆய்வு நடந்ததா என்று சங்கம் மாவட்ட ஆட்சியரிடம் எழுத்துமூலம் கேட்க வேண்டும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கூட வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழு கூடியதா என்றும் கேட்க வேண்டும்.

மூன்று, வன்கொடுமை வழக்கை ஏற்றதற்காக ஓர் உறுப்பினர் மிரட்டப்பட்டால் சங்கம் அவருக்குப் பின்னால் நிற்க வேண்டும். காவலர் ஒருவர் வழக்கறிஞரை ஒருமையில் பேசினாலே பொங்கி எழும் சங்கத்துக்கு இது இயலாத காரியமன்று.

நான்கு, சாட்சி விசாரணைக்கும் பிணை ஆட்சேபத்துக்கும் புறக்கணிப்பிலிருந்து விலக்கு வேண்டும்.

ஐந்து, முதல் தலைமுறை இளம் வழக்கறிஞர்களுக்கு உதவித்தொகையும் கட்டணச் சலுகையும் நிர்வாகத்தில் இடமும் வேண்டும்.

இவற்றைச் சங்கத்துக்குள் இருக்கும் நாங்கள் எழுப்புவது ஒரு பாதி. மறுபாதி உங்களிடம் இருக்கிறது. உங்கள் ஊரில் வன்கொடுமை நடந்தால், காவல் கண்காணிப்பாளருக்கும் ஆட்சியருக்கும் அனுப்பும் மனுவின் ஒரு நகலை வழக்கறிஞர் சங்கச் செயலாளருக்கும் அனுப்புங்கள். ஒப்புகைச் சீட்டை வைத்திருங்கள். எந்த வழக்கறிஞராவது 'இந்த வழக்கை எடுக்கவிட மாட்டார்கள்' என்று சொன்னால், அதை எழுதிச் சங்கத்திடமே விளக்கம் கேளுங்கள். தொழில் ஒழுக்கத்துக்கு மாறாக ஒருவர் சமரசத்துக்கு வற்புறுத்தினால் மாநில பார் கவுன்சிலுக்குப் புகார் அனுப்புங்கள். சங்கத்தின் மௌனம் இதுவரை எங்கும் பதிவாகாததால்தான் அதற்கு அது வசதியாக இருந்தது. இனி அந்த மௌனமும் தேதியிட்டுப் பதிவாகட்டும்.